எங்க வழுக்குது?

எனக்குக் காது போன கதையை ஏழு விதமாகச் சொல்லிவைத்திருக்கிறேன். பால் போடுகிறவரிடம் சொன்னது இது: பீப்பாய்ப் பட்டறையில் வேலை பார்த்தபோது ஒரு நாள் பீப்பாய்க்குள் தலையை விட்டுத் தும்மிவிட்டேன். தும்மல் வெளியே வர வழி தெரியாமல் உள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் மேஸ்திரி குனிந்து எட்டிப் பார்த்தார். அவருக்குச் சளி பிடித்துக்கொண்டது, எனக்குக் காது போனது. பால்காரர் இன்றுவரை அதை நம்புகிறார். உண்மை சப்பென்று இருக்கும். முப்பத்தொரு வருடம், மேல்மூடி வெட்டிய இரும்புப் பீப்பாய்க்குள் தலையையும் ஒரு கையையும் விட்டு, நசுங்கிய இடத்தைச் சுத்தியலால் தட்டித் தட்டி நிமிர்த்தினேன். இடது காது முழு ஓய்வு வாங்கிக்கொண்டது. வலது காது வந்தால் வந்தது, வராவிட்டால் இல்லை என்கிற மாதிரி வேலைக்கு வந்துபோய்க்கொண்டிருந்தது.

இது எட்டாவது கதை. இதில் ஓர் எறும்பு வரும், அதைத் தவிர மற்றதெல்லாம் நடந்தது. என் மனைவி எட்டு மாதமாக என்னிடம் ஒரே சொல்லைச் சொன்னாள். எட்டு மாதமும் என் காதில் வேறொரு சொல் விழுந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம்.

மகள்தான் என்னைக் காது மெஷின்காரரிடம் இழுத்துக்கொண்டு போனாள். மனைவியும் வந்தாள், நான் நடுவழியில் இறங்கி ஓடிவிடாமல் இருக்க. அவர் வலது காதுக்குள் களி மாதிரி ஒன்றைப் பிதுக்கி, இறுகவைத்து, உருவி எடுத்துக் காட்டினார். என் காதின் உட்புறம் கசங்கிய முந்திரிப்பருப்பு போல இருந்தது. அதே அச்சில் மெஷின் செய்து பதினைந்து நாளில் கொடுத்தார். பட்டாணிக்குக் கொஞ்சம் பெரியது. வலது காது என்பதற்கு அடையாளமாக ஒரு சிவப்புப் புள்ளி, பிடித்து இழுக்கத் தூண்டில் நரம்பு மாதிரி ஒரு வால்.

“ஐயா, கனமான சத்தமெல்லாம் உங்களுக்குக் கேக்குது. கூர்மையான சத்தம்தான் போயிடுச்சு. மெஷின் இல்லாம இருந்தா, ‘இ’ன்னு சொன்னா உங்க காதுல ‘உ’ன்னு விழும்” என்றார்.

“ஓ, அதுதானா” என்றாள் என் மனைவி. “கல்யாணமான நாள்லேர்ந்து, போய்க் குளிங்கன்னு சொன்னா, ‘கிளிங்களா? எத்தனை?’ன்னு கேக்கறாரே.”

மெஷின்காரர் யோசித்தார். “இல்லம்மா, அது தலைகீழால்ல இருக்கு? கிளிதான் குளின்னு விழும். குளி, கிளின்னு விழாதே.”

“அப்ப அது காதுக் கோளாறு இல்ல” என்று சொல்லி என்னைப் பார்த்தாள். நான் சுவரில் மாட்டியிருந்த காதுப் படத்தைப் பார்த்தேன்.

அவர் பராமரிப்பு சொல்லிக்கொடுத்தார். தினமும் கழற்றியதும் உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். துளை கீழே பார்க்கும்படி பிடித்துக்கொண்டு குட்டி பிரஷ்ஷால் தட்டிவிட வேண்டும். மேலே பார்க்கப் பிடித்தால் அழுக்கு உள்ளேதான் விழும். துளையின் வாயில் இருக்கும் வெள்ளைப் பொட்டு, காது மெழுகைத் தடுக்கும் வடிகட்டி, மாதம் ஒரு முறை அதை மாற்ற வேண்டும். படுக்கும்போது பேட்டரிக் கதவைத் திறந்து, ஈரம் உறிஞ்சும் டப்பாவில் போட வேண்டும். குளிக்கும்போது கழற்றிவிட வேண்டும்.

“குளிக்கும்போது கிளி வந்தா?” என்று கேட்டேன்.

மனைவி அவர் கையிலிருந்த குறிப்புப் புத்தகத்தை வாங்கித் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். “நீங்க என்கிட்டயே சொல்லுங்க தம்பி” என்றாள்.

முதல் வாரம் எனக்கு அமர்க்களமாக இருந்தது. மாடிவீட்டுக்காரர் செய்தித்தாள் புரட்டுவது கேட்டது, எத்தனையாவது பக்கம் என்றுகூடச் சொன்னேன். ஃபிரிட்ஜ் நாள் முழுக்கத் தனக்குள் முனகிக்கொண்டிருந்தது. ஒரு காலையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது சமையல் மேடையில் எறும்பு நடக்கும் சத்தம் கேட்டது.

“ஆறு காலும் ஒரே மாதிரி விழல. இடது பக்கம் மூணாவது கால்ல லேசா நொண்டல்” என்றேன்.

அவள் தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “பேரு கேட்டீங்களா?”

“கேக்கல. அவசரமாப் போச்சு.”

“நொண்டிக்கிட்டே அவசரமாவா?”

எங்கள் வீட்டில் ஜெயிப்பது எப்போதும் அவள்தான். நான் முகத்தை அசைக்காமல் பொய் சொல்வேன், அவள் முகத்தை அசைக்காமல் அதில் ஓட்டை போடுவாள். வெளியாட்கள் பார்த்தால் இரண்டு பேரும் வானிலை பற்றிப் பேசுகிறார்கள் என்று நினைப்பார்கள்.

அவள் பள்ளிச் சீருடை தைப்பவள். ஊசிக்கண்ணில் நூல் கோர்க்கிற விரல்களுக்குக் காது மெஷின் ஒரு வேலையா? சாயங்காலம் தையல் மெஷினுக்கு எண்ணெய் போட்டு, நூல் சுற்றும் பாபினைத் துடைத்துவிட்டு, “காதைக் கொண்டாங்க” என்று கையை நீட்டுவாள். கழற்றிக் கொடுப்பேன். விளக்குக்கு நேராகப் பிடித்து, துளையைக் கீழே திருப்பி, பிரஷ்ஷால் நாலு தட்டு. ஒவ்வொரு மாதமும் முதல் தேதி வடிகட்டி மாற்றம். ஈர டப்பாவுக்குள் இருக்கும் மணிகள் நிறம் மாறியிருக்கின்றனவா என்று குலுக்கிப் பார்ப்பாள். ஒரு வருடம் அந்த மெஷின் புதுப் பெண் மாதிரி இருந்தது.

பிறகு அவள் தையல் மெஷின் முன்னால் உட்காருவதை நிறுத்தினாள். அதற்கு ஏதோ காரணம் சொன்னாள். என் காதில் பாதிதான் விழுந்தது. இத்தனை வருடம் தைத்தது போதும் என்று நினைத்திருப்பாள் என நானே முடிவு செய்துகொண்டேன். “காதைக் கொண்டாங்க” என்பதும் நின்றது. சரி, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று ஏற்றுக்கொண்டேன். நான் பார்த்துக்கொண்ட விதம்: சட்டை நுனியில் துடைப்பது, வாயை வைத்து ஒரு ஊது ஊதுவது. வடிகட்டி என்று ஒன்று இருப்பதே மறந்துபோனது.

அதைவிடப் பெரிய காரியம் ஒன்றும் செய்தேன். மகள் ஒரு வருடத்துக்கென்று நாற்பது பேட்டரி வாங்கிவைத்திருந்தாள். ஒவ்வொன்றின் முதுகிலும் மஞ்சள் ஸ்டிக்கர். என் விரல்களுக்கு அதை உரிப்பது ஒரு போராட்டம். பட்டறையில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. காலையில் வந்ததும், அன்றைக்கு மூடி வெட்டவேண்டிய அத்தனை பீப்பாய்களின் வாயிலுள்ள திருகு மூடியையும் முதலில் திறந்துவிட வேண்டும். உள்ளே தேங்கிய ஆவி போகாமல் வெட்டினால் வெடிக்கும். ஒரு மத்தியானம் அந்த நினைவில் உட்கார்ந்து நாற்பது ஸ்டிக்கரையும் உரித்து முடித்தேன். உரித்ததை ஃபிரிட்ஜ் கதவில் வரிசையாக ஒட்டினேன். மனைவி வந்து பார்த்தாள், ஏதோ சொன்னாள். பாராட்டுகிறாள் என்று தலையாட்டினேன்.

அதற்குப் பிறகு பேட்டரி ஒவ்வொன்றும் ஒரு நாளில் செத்தது, அப்புறம் அரை நாளில். மெஷினுக்கும் வயசாகிறது, எனக்கும் வயசாகிறது என்று, செத்ததை மாற்றாமலே நாள்கணக்கில் மாட்டிக்கொண்டு இருந்துவிட்டேன். வீடு மெல்ல மெல்ல அமைதியானது. முதலில் எறும்பு போயிற்று, பிறகு ஃபிரிட்ஜ். மனைவி பேச்சைக் குறைத்துக்கொண்டாள் என்று மாடிவீட்டுக்காரரிடம் பெருமையாகக்கூடச் சொன்னேன்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு நாள் அவள் குளியலறை வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“வழுக்குதுங்க” என்றாள். என் காதில் விழுந்தது அதுதான்.

“எங்க?”

அவள் கையை இடுப்புக்குக் கீழே கொண்டுபோய்க் காட்டினாள். நான் அதற்கும் கீழே பார்த்தேன். தரை ஈரமாகத்தான் இருந்தது. உடனே செருப்பை மாட்டிக்கொண்டு போய், அடியில் உறிஞ்சிக் குமிழ்கள் வைத்த பச்சை ரப்பர் மேட் ஒன்று வாங்கிவந்து போட்டேன். அவள் மேட்டைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள், ரொம்ப நேரம். பிறகு சிரித்தாள். நல்ல காரியம் செய்துவிட்டேன் என்று இருந்தது எனக்கு.

அடுத்த மாதம் சமையலறையில் வழுக்கியது. இரண்டு மேட். படிக்கட்டில் ஏறும்போது வழுக்கியது. படிக்கு ஒன்று. கட்டிலில், “படுத்தா ரொம்ப வழுக்குது” என்றாள். விரிப்புதான் நழுவுகிறது என்று, அதன் நாலு மூலையையும் சணல் கயிற்றால் கட்டில் கால்களோடு இழுத்துக் கட்டினேன். பட்டறையில் போடும் முடிச்சு, யானை உதைத்தாலும் அவிழாது. அவள் சுவரில் சாய்ந்து நின்று நான் கட்டி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

“போதும், விடுங்க” என்றாள். அது மட்டும் தெளிவாகக் கேட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். வாசலிலேயே ஒரு மேட்டில் கால் தடுக்கி இன்னொரு மேட்டில் போய் நின்றாள். “என்னப்பா இது, வீடா, குஸ்தி மைதானமா?” என்று என் காதருகே கத்தினாள். அப்புறம் உள்ளே போய் அம்மாவைப் பார்த்தாள். அதன் பிறகு அவள் கத்தவே இல்லை. அம்மாவுக்குச் சேலை மாற்றிவிட்டாள், வாடகை வண்டி கூப்பிட்டாள், என்னைக் கையைப் பிடித்து ஏற்றினாள்.

ஆஸ்பத்திரி நடைபாதையில் மூன்று பேரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் துடைத்த தரை. எங்களுக்கு எதிரே மஞ்சள் பலகை ஒன்று நின்றது, ‘கவனம், வழுக்கும்’ என்று. என் மனைவி அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். உதட்டோரத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

மகள் என் காதிலிருந்த வாலைப் பிடித்து மெஷினை உருவி வெளிச்சத்தில் பார்த்தாள். அம்மா கைப்பையைத் திறந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள். வடிகட்டிகள். அத்தனை நாளும் அவள் பையில்தான் இருந்திருக்கின்றன. மகள் பழையதைக் குத்தி எடுத்துப் புதியதை அழுத்தினாள். பேட்டரி கேட்டாள், கொடுத்தேன். ஸ்டிக்கர் இல்லாததைப் பார்த்துவிட்டுக் கீழே மருந்துக்கடைக்கு ஓடிப்போய்ப் புதியது வாங்கிவந்தாள். உரித்து, ஒரு நிமிடம் காற்றில் வைத்திருந்து, உள்ளே போட்டு என் காதில் செருகினாள்.

உலகம் தடாலென்று உள்ளே விழுந்தது. சக்கர நாற்காலி, டோக்கன் மணி, யாரோ ஒரு குழந்தை.

“அந்த ஸ்டிக்கரை உரிச்சதும் காத்து உள்ள போய் பேட்டரி வேலை செய்ய ஆரம்பிச்சிடும்ப்பா. நீங்க உரிச்ச அன்னிக்கே நாப்பதும் சாக ஆரம்பிச்சிருக்கு. அம்மா, நீ சொல்லலையா?”

“சொன்னேன்” என்றாள் அவள். அவள் குரல் இவ்வளவு மெலிந்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

டாக்டரம்மா சின்ன வயதுக்காரர். படங்களைப் பார்த்தார், அழுத்திப் பார்த்தார். “எவ்வளவு நாளாம்மா வலிக்குது?”

“எட்டு மாசமா.”

“யார்கிட்டயும் சொல்லலையா?”

“இவர்கிட்ட சொன்னேனே. மேட் வாங்கிட்டு வந்தார்.”

டாக்டரம்மா பேனாவை நிறுத்தினார். என் மனைவி அவருக்காக விளக்கினாள், ஏதோ பக்கத்து வீட்டு வேடிக்கையைச் சொல்கிற மாதிரி. “வலிக்குதுன்னா, வழுக்குதுன்னு கேட்ட மாதிரி நடிப்பாரும்மா. குளின்னா கிளின்னுவாரு. எங்க வீட்டுக்காரர் அப்படித்தான், விளையாட்டுப் புத்தி. மொதல்ல சிரிச்சுட்டு விட்டுட்டேன். அப்புறம்தான் தோணுச்சு, பயந்துபோய்த்தான் விளையாடறாரோன்னு. பயப்படறவர்கிட்ட எத்தனை தடவை சொல்றது?”

“நடிக்கல. எனக்கு அப்படித்தான் கேட்டுச்சு” என்றேன்.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். வாழ்நாள் முழுக்கப் பொய் சொல்லப் பயன்படுத்திய அதே முகத்தை வைத்துக்கொண்டு உண்மை சொன்னேன். எனக்கு வேறு முகம் கிடையாது. என் மனைவி என் முழங்கையைத் தட்டிக்கொடுத்தாள். “சரி, சரி” என்றாள். கிளிக்கும் அவள் அப்படித்தான் சொல்வாள்.

எங்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, டாக்டரம்மா மகளிடம் கதவருகே பேசினார். “ஆறு மாசம் முன்னாடி வந்திருந்தா ஏதாவது செஞ்சிருக்கலாம்.” மிக மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் புது வடிகட்டி, புது பேட்டரி. அன்றைக்கு அந்த மெஷின் அவ்வளவு நன்றாக வேலை செய்தது.

வீட்டுக்கு வந்து சவரக் கண்ணாடி முன்னால் நின்று இரண்டு சொல்லையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தேன். ‘ழு’வுக்கு உதடு குவிகிறது. ‘லி’க்கு விரிகிறது. எட்டு மாதத்தில் ஒரு தடவை அவள் வாயைப் பார்த்திருந்தால் போதும். நான் தரையைப் பார்த்திருக்கிறேன். ஃபிரிட்ஜ் கதவில் நாற்பது மஞ்சள் ஸ்டிக்கர்கள் இருந்தன. ஒவ்வொன்றாக உரித்தேன்.

வார்டில் ஜன்னலோரக் கட்டில் கொடுத்தார்கள். தினமும் காலையிலிருந்து பார்வையாளர் நேரம் முடியும்வரை பக்கத்து ஸ்டூலில் இருந்தேன். மெஷினை அவள் எப்படிப் பார்த்துக்கொண்டாளோ அப்படியே பார்த்துக்கொண்டேன். துளை கீழே. பிரஷ் நாலு தட்டு. முதல் தேதி வடிகட்டி. தேவையானபோது மட்டும் ஒரே ஒரு ஸ்டிக்கர். அவள் இனிமேல் சொல்வது ஒன்றுகூடத் தப்பக்கூடாது. அதைவிட, நான் நடிக்கவில்லை என்று அவள் ஒரு தடவை நம்ப வேண்டும். நான் பயந்துபோய் அவள் வலியைக் காதில் வாங்காமல் விட்டேன் என்ற நினைப்போடு அவள் போய்விடக்கூடாது. இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் “சரி” என்றாள்.

ஒரு நாள் அவளே கேட்டாள், “எறும்பு எப்படி இருக்கு?”

“தெரியல” என்றேன். எனக்குப் பொய் எதுவும் வரவில்லை.

அவள் முகத்தில் ஒரு கலவரம் வந்தது. அன்றைக்குக் கதவருகே டாக்டரம்மா சொன்னது அவள் காதிலும் விழுந்திருந்தது, அப்போதுகூட வராத கலவரம். அவசரமாக, “கால்ல கட்டுப் போட்டிருக்காங்க, நடக்கக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க” என்றேன்.

“எந்தக் கால்?”

“அதான் குழப்பம். ஆறுலயும் போட்டுட்டாங்க.”

அவள் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டாள்.

அதன் பிறகு குரல் போக ஆரம்பித்தது. ஒவ்வொரு நாளும் ஸ்டூலை ஒரு விரல்கடை அருகே இழுத்துப் போட்டேன். கடைசியில் கட்டில் இரும்பில் என் முழங்கால் இடித்தது.

ஒரு மத்தியானம், சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்துப்போன பிறகு, காதுக்குள் மெஷின் நாலு தடவை மணி அடித்தது. பேட்டரி முடியப்போகிறது என்ற அறிவிப்பு. கழற்றினேன். பழையதை எடுத்துவிட்டுப் புதியதின் ஸ்டிக்கரை உரித்து மருந்து மேசையில் வைத்தேன். ஒரு நிமிடம் காற்றில் இருக்க வேண்டும். அவசரப்பட்டால் முழு உயிர் வராது. வார்டு முழுக்கப் பஞ்சு அடைத்த மாதிரி ஆனது.

அந்த நிமிடத்தில் அவள் உதடு அசைந்தது.

நான் பேட்டரியைப் பார்க்கவில்லை. அவள் வாயைப் பார்த்தேன். மறுபடி அசைந்தது. உதடு குவியவில்லை. விரிந்தது. நானும் கூடவே என் உதட்டை அப்படி விரித்துப் பார்த்தேன், குழந்தை பேசப் பழகுகிற மாதிரி.

“வலிக்குதா?”

அவள் கண்ணை மூடித் திறந்தாள்.

“நர்ஸம்மா!” என்று கத்தினேன். எவ்வளவு சத்தமாகக் கத்தினேன் என்று தெரியாது. நர்ஸ் ஓடிவந்தாள். “வலிக்குதாம்” என்றேன். நர்ஸின் வாய் ஏதோ கேட்டது. ‘எங்க’ என்றுதான் இருக்க வேண்டும். திரும்பி மனைவியிடம் கேட்டேன், “எங்க வலிக்குது?”

போர்வைக்குள் அவள் கை நகர்ந்து இடுப்புக்குக் கீழே போய் நின்றது. குளியலறை வாசலில் காட்டிய அதே இடம். இந்த முறை நான் தரையைப் பார்க்கவில்லை. அந்தக் கையின் மேல் என் கையை வைத்து, “இங்க” என்றேன்.

நர்ஸ் ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போது என் மனைவி என்னையே பார்த்தாள். என் வாயைப் பார்த்தாள், வெறும் காதைப் பார்த்தாள். மேசைமேல் பேட்டரிக் கதவு திறந்து கிடந்த மெஷினைப் பார்த்தாள். முதல் மேட் வாங்கிவந்த அன்றைக்குப் பார்த்த அதே பார்வை, அதே நீளம். ஆனால் சிரிக்கவில்லை. நர்ஸ் பக்கம் முகத்தைத் திருப்பி ஏதோ சொன்னாள். நர்ஸ் குனிந்து கேட்டாள்.

நான் பேட்டரியைப் போட்டேன். அவசரத்தில் ஒரு தடவை கட்டிலுக்கடியில் விழுந்தது. தவழ்ந்து எடுத்துத் துடைத்து, கதவை மூடி, காதில் செருகினேன்.

“என்ன சொன்னாங்க?”

நர்ஸ் ஊசியைத் தட்டில் வைத்தாள். “‘அப்ப இவருக்கு நிஜமாவே கேக்கலையா’ன்னு கேட்டாங்க. என்னன்னு எனக்குப் புரியல. ஐயா, உங்களுக்கு முன்னாடி கேட்டுக்கிட்டு இருந்துச்சா?”

நான் கட்டில் பக்கம் திரும்பினேன். ஊசி சீக்கிரம் வேலை செய்கிற ஊசி. கண் மூடியிருந்தது, வாய் லேசாகத் திறந்திருந்தது. மூச்சு கேட்டது, உள்ளே போவதும் வெளியே வருவதும் தனித்தனியாக, அவ்வளவு துல்லியமாக.

“ஆமா. நிஜமாவே கேக்கல” என்று அவள் காதில் சொன்னேன்.

அவளுக்குக் காது எப்போதும் நன்றாகக் கேட்கும். தூக்கத்தில் கேட்டதா என்று தெரியவில்லை. மறுபடியும் சொன்னேன், கொஞ்சம் சத்தமாக. மூன்றாவது தடவை சொன்னபோது பக்கத்துக் கட்டில் அம்மா என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார்.